புதிய காருக்கு முன்பணம்: எங்கே கட்டுவது, எந்தச் சொல்லில் கட்டுவது

கார் வாங்க முடிவெடுத்தவர்கள் மாடல், மைலேஜ், ஏர்பேக் எண்ணிக்கை, ஆன்-ரோடு விலை என்று எல்லாவற்றையும் மாதக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். முன்பணம் கட்டும் காரியத்தை மட்டும் ஷோரூமில் கொடுத்த டீ ஆறுவதற்குள் முடித்துவிடுகிறார்கள். நானும் 2022இல் அப்படித்தான் முடித்தேன். ‘சும்மா 21,000 போட்டு வைங்க சார், வேண்டாம்னா அப்படியே திருப்பிக் கொடுத்துடலாம்’ என்றார் விற்பனைப் பிரதிநிதி. எட்டு வாரத்தில் வண்டி கைக்கு வரும் என்றும் சொன்னார். எனக்குக் கிடைத்தது மஞ்சள் நிறக் கார்பன் பிரதி ஒன்று. முன்பக்கத்தில் என் பெயர், தொகை, வேரியன்ட், நிறம். ‘குறிப்பு’ என்ற கட்டத்தில் ‘இருப்பைப் பொறுத்து’ என்று பேனாவால் எழுதிய இரண்டு சொற்கள். பின்பக்கத்தில் வெளிர் சாம்பல் மையில் 14 நிபந்தனைகள். எட்டு வாரம் ஏழு மாதமாகி, வெறுத்துப்போய் புக்கிங்கை ரத்து செய்த அன்றுதான் ஒன்பதாவது நிபந்தனையைப் படித்தேன்: ரத்து செய்தால் நிர்வாகச் செலவுக்காக 10,000 ரூபாய் பிடித்துக்கொள்ளப்படும்.

அந்தப் பத்தாயிரம் திரும்பி வந்த கதையைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன், இன்று இந்தியாவில் புதிய காருக்குப் பணம் கட்டும் மூன்று வழிகளையும் வாங்குபவரின் உரிமை என்ற ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்க வேண்டும். ஷோரூமில் நேரடியாகப் புக்கிங் செய்வது, தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் புக்கிங் செய்வது, முன்பணமே இல்லாமல் டீலரிடம் இருப்பில் உள்ள வண்டியை எடுப்பது என்பவையே அந்த மூன்று வழிகள். இவற்றில் எது நல்லது என்பது கட்டும் தொகையின் அளவைப் பொறுத்ததன்று. அந்தத் தொகைக்கு ரசீதில் என்ன பெயர் சூட்டப்படுகிறது, யாருடைய கணக்கில் அது போய்ச் சேருகிறது என்பதைப் பொறுத்தது.

பெயரிலிருந்தே தொடங்கலாம். வீடு, நிலம், மாடு வாங்கும்போது நம் ஊரில் அச்சாரம் கொடுப்பது பழைய வழக்கம். அச்சாரம் என்பது பேச்சு உறுதியானதற்கு அடையாளம். வாங்குபவர் பின்வாங்கினால் அது போய்விடும் என்பதும், விற்பவர் பின்வாங்கினால் அவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊர்ப் பேச்சையும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதும் இரு தரப்புக்கும் தெரியும். முன்பணம் என்பது வேறு. அது விலையில் ஒரு பகுதியை முன்கூட்டிக் கொடுப்பது மட்டுமே. நீதிமன்றங்களும் இந்த வேறுபாட்டை ஏறத்தாழ இப்படியேதான் பார்க்கின்றன. ஒப்பந்தத்தை உறுதிசெய்யக் கொடுக்கப்பட்ட அச்சாரத்தை, அதற்கான நிபந்தனை தெளிவாக இருந்தால் பறிமுதல் செய்யலாம் என்றும், விலையின் பகுதியாகக் கொடுக்கப்பட்ட முன்பணத்தை அப்படிப் பறிமுதல் செய்ய முடியாது என்றும் உச்ச நீதிமன்றம் 2012இல் ஒரு சொத்து வழக்கில் தெளிவுபடுத்தியது. ஆகவே ரசீதில் ‘விலையில் கழிக்கப்படும் முன்பணம்’ என்று இருப்பதற்கும் ‘திருப்பித் தரப்படாத புக்கிங் கட்டணம்’ என்று இருப்பதற்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது.

திருப்பித் தரப்படாது என்று அச்சடித்துவிட்டாலே சட்டம் கைகட்டி நின்றுவிடும் என்று எண்ண வேண்டியதில்லை. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் என்ன தொகை எழுதப்பட்டிருந்தாலும் அந்த உச்சவரம்புக்குள் நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும் என்கிறது. இதை விளக்கும் 2015ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று கார் வாங்குபவருக்கு நேரடியாக உதவும். டெல்லி வளர்ச்சி ஆணையம் 1982இல் ஏலம் விட்ட ஒரு மனையை ஒரு நிறுவனம் 3.12 கோடி ரூபாய்க்கு எடுத்து, அதில் கால் பங்காக 78 லட்சத்தைக் கட்டியது. பின்னர் ஒதுக்கீட்டை ரத்து செய்து அந்த 78 லட்சத்தையும் பறிமுதல் செய்த ஆணையம், அதே மனையை 1994இல் 11.78 கோடிக்கு மறு ஏலம் விட்டது. ஆணையத்துக்கு இழப்பே இல்லை, லாபம்தான் வந்திருக்கிறது என்பதால் பறிமுதல் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். ஐம்பது பேர் வரிசையில் காத்திருக்கும் ஒரு காரை நீங்கள் வேண்டாம் என்று சொன்னால், அடுத்த ஆள் அன்று மாலையே அதை எடுத்துக்கொள்வார். அங்கே டீலருக்கு என்ன இழப்பு என்று கேட்கும் உரிமையை இந்தத் தீர்ப்பு தருகிறது. உங்களுக்காகவே தனியாக வரவழைத்த, யாரும் கேட்காத நிறத்திலுள்ள வண்டி என்றால் டீலரின் வாதம் வலுவாக இருக்கும். அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இதற்கு மேல் இரண்டு காரியங்களைச் செய்தது. விலையின் ஒரு பகுதியைக் கொடுத்து மீதியைத் தருவதாக உறுதியளித்தவரும் நுகர்வோரே என்பது அதன் வரையறையில் இருக்கிறது. எனவே வண்டி வரவில்லை, நீங்கள் இன்னும் வாடிக்கையாளரே ஆகவில்லை என்ற பேச்சு எடுபடாது. ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்ற கருத்தையும் அந்தச் சட்டம் கொண்டுவந்தது. அளவுக்கு மீறிய காப்புத்தொகை கேட்பது, எதிர்த் தரப்பின் இழப்போடு சற்றும் பொருந்தாத அபராதம் விதிப்பது, தக்க காரணமின்றி ஒரு தரப்பே ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள இடம் வைப்பது ஆகியவை அதில் அடங்கும். அப்படிப்பட்ட நிபந்தனையே செல்லாது என்று அறிவிக்கக் கோரும் புகார் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு அல்ல, மாநில நுகர்வோர் ஆணையத்துக்கே போக வேண்டும். பணத்தைத் திருப்பித் தராதது சேவைக் குறைபாடு என்ற அளவில் நிறுத்திக்கொண்டால் மாவட்ட ஆணையமே போதும். சிறு தொகைக்கு இரண்டாவது வழிதான் புத்திசாலித்தனம்.

இனி மூன்று வழிகளுக்கு வரலாம்.

ஷோரூம் புக்கிங்கின் பலம், எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பது. நிபந்தனையை அடிக்கச் சொல்லலாம், புதிய வரியை எழுதச் சொல்லலாம், தொகையைக் குறைக்கச் சொல்லலாம். இணையப் பக்கத்தில் இவற்றில் எதுவும் நடக்காது. பலவீனமும் அதே மனிதரிடம்தான் இருக்கிறது. வாய்மொழியாக அவர் தரும் உறுதிகள் ரசீதில் ஏறுவதில்லை. மாத இலக்கை எட்டியதும் அவரே வேறு ஷோரூமுக்குப் போய்விடுகிறார். டோக்கன் அட்வான்ஸ் என்று சொல்லி அவருடைய சொந்த கைபேசி எண்ணுக்கு ஜிபேயில் பணம் அனுப்பச் சொல்வதும் நடக்கிறது. அப்படி அனுப்பிய பணத்தை டீலர் பெற்றதாக நிரூபிப்பது உங்கள் பாடு. டீலர் நிறுவனத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு மட்டுமே பணம் போக வேண்டும்.

இதில் பலர் அறியாத இன்னொன்று, உங்கள் ஒப்பந்தம் யாரோடு என்பது. ஷோரூம் பலகையில் பெரிய எழுத்தில் தயாரிப்பு நிறுவனத்தின் பெயர் இருந்தாலும், ரசீதில் இருப்பது டீலர் நிறுவனத்தின் பெயர். ஒன்று மற்றொன்றின் முகவர் அல்ல, இரண்டும் தனித்தனித் தரப்புகள் என்ற அடிப்படையில்தான் அவற்றுக்கு இடையிலான ஒப்பந்தங்கள் பெரும்பாலும் எழுதப்படுகின்றன. 2009இல் தயாரான காரை 2011இல் புதியதாக விற்ற கோவா வழக்கு ஒன்றில், டீலர் செய்த தவறு தயாரிப்பாளருக்குத் தெரிந்திருந்தது என்று காட்டப்படாத நிலையில் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021இல் கூறியது. டீலர் கடையை மூடிவிட்டுப் போனால் முன்பணத்தைத் தயாரிப்பாளர் தந்துவிடுவார் என்ற நம்பிக்கைக்குச் சட்டத்தில் உறுதியான பிடி இல்லை. சில நிறுவனங்கள் தங்கள் பெயர் கெடக்கூடாது என்பதற்காகத் தந்துவிடக்கூடும். அது அவர்களின் பெருந்தன்மையாக இருக்குமே தவிர உங்கள் உரிமையாக இருக்காது.

இணையவழிப் புக்கிங்கில் இந்தக் குறை ஓரளவு நீங்குகிறது. பணம் பெரும்பாலும் தயாரிப்பாளரின் கணக்குக்குப் போகிறது, வரிசை எண்ணும் நேரமும் பதிவாகின்றன, ரத்து செய்யும் பொத்தானும் அங்கேயே இருக்கிறது. 2022 ஜூலை 30 அன்று மஹிந்திரா ஸ்கார்பியோ-என் காருக்கு அரை மணி நேரத்தில் ஒரு லட்சம் புக்கிங் குவிந்தது; அப்படிப்பட்ட வரிசையில் ‘எனக்கு முன் யார் யார்’ என்பதை ஷோரூம் நோட்டுப் புத்தகத்தை நம்பி விடுவதைவிட இணையப் பதிவை நம்புவது மேல். மின்வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளும் இங்கே துணைக்கு வரும். தானே ஆர்டரை ரத்து செய்யும்போது தானும் அதேபோன்ற கட்டணத்தை ஏற்காத நிறுவனம், வாங்குபவர் ரத்து செய்யும்போது மட்டும் கட்டணம் பிடிக்கக்கூடாது என்பது அவற்றில் ஒன்று. முன்கூட்டியே டிக் அடித்து வைத்த கட்டத்தை வாங்குபவரின் சம்மதமாகக் கொள்ளக்கூடாது என்பது இன்னொன்று. விற்பனை நடப்பது டீலரிடம்தான், எங்கள் தளம் வெறும் பதிவுப் பக்கம் என்று நிறுவனம் வாதிடலாம். பணம் அந்தத் தளத்திலேயே வசூலிக்கப்பட்டிருக்கும்போது அந்த வாதம் எனக்கு வலுவாகத் தோன்றவில்லை.

இணையவழியின் உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது: இன்னும் விற்பனைக்கே வராத வண்டிக்குப் பணம் கட்டும் ஆசை. 2016இல் டெஸ்லா மாடல் 3 காருக்கு இந்தியர்கள் சிலர் 1,000 டாலர், அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 66,000 ரூபாய், கட்டினார்கள். 2025 மே மாதத்தில், அந்த நிறுவனம் மும்பையில் முதல் ஷோரூமைத் திறப்பதற்குச் சற்று முன்னால், புக்கிங்கை ரத்து செய்து பணத்தைத் திருப்பித் தருவதாக அவர்களுக்கு மின்னஞ்சல் வந்தது. இடையில் ஒன்பது ஆண்டுகள். இந்தியாவில் பதிவான நிறுவனமாக இருந்தால் இங்கே ஒரு கடிவாளம் உண்டு. கம்பெனிகள் வைப்புத்தொகை ஏற்பது குறித்த 2014ஆம் ஆண்டு விதிகளின்படி, பொருளுக்காக வாங்கிய முன்பணத்தை 365 நாட்களுக்குள் அந்தப் பொருளுக்கு ஈடுசெய்யாவிட்டால், பொதுவாக அது வைப்புத்தொகையாகக் கருதப்படும். வைப்புத்தொகை வாங்கக் கடுமையான நிபந்தனைகள் உள்ளன. ஓராண்டைத் தாண்டிய புக்கிங் பற்றி எழுதும் கடிதத்தில் இந்த ஒரு வரியைச் சேர்த்தால் பதில் விரைவாக வரும்.

மூன்றாவது வழியான இருப்பு வண்டிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முன்பணமே இல்லையென்றால் முன்பணத் தகராறும் இல்லை. சேசிஸ் எண்ணைக் கண்ணால் பார்த்து, வங்கியின் கடன் அனுமதி கைக்கு வந்தபின், முழுத் தொகைக்கும் பில் போட்டு எடுத்துக்கொள்ளலாம். நிறத்திலும் வேரியன்டிலும் பிடிவாதம் இல்லாதவர்களுக்கு நான் இதையே முதலில் சொல்வேன். பார்க்க வேண்டியது தயாரிப்பு மாதம் மட்டும். விற்பனைச் சான்றிதழான படிவம் 21இல் தயாரிப்பு மாதமும் ஆண்டும் எழுதப்பட வேண்டும் என்பதால், அந்தப் படிவத்தின் நகலைப் பணம் கட்டுமுன் காட்டச் சொல்லலாம். ஜனவரியில் போன ஆண்டு வண்டியைப் புது விலைக்குத் தள்ளிவிடும் வேலை அங்கேயே நின்றுவிடும்.

முன்பணம் கட்டும் இரண்டு வழிகளுக்கும் பொதுவான ஒரு சிக்கல், விலை. ‘டெலிவரி நாளில் உள்ள விலையே பொருந்தும்’ என்ற நிபந்தனை ஏறக்குறைய எல்லா ரசீதிலும் இருக்கிறது. அது எப்போதும் வாங்குபவருக்கு எதிராகத்தான் வேலை செய்யும் என்பதில்லை. 2025 செப்டம்பர் 22 அன்று சிறிய கார்களின் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தபோது, ஆகஸ்டில் புக்கிங் செய்து பில் போடாமல் காத்திருந்தவர்கள் புதிய வரியில்தான் வண்டி எடுத்தார்கள். பொருளுக்கான வரி பில் தேதியைப் பார்க்கிறது. புக்கிங் தேதியைப் பார்ப்பதில்லை. பொருளுக்கு வாங்கும் முன்பணத்தின் மீது ஜிஎஸ்டி கட்ட வேண்டியதில்லை என்று 2017 நவம்பரிலேயே அறிவிப்பு வந்துவிட்டதால், ரத்து செய்யும்போது ‘உங்கள் முன்பணத்துக்கு ஜிஎஸ்டி கட்டிவிட்டோம்’ என்று சொல்லி யாராவது கழித்தால் கட்டிய செலானைக் காட்டச் சொல்லுங்கள்.

விலை ஏறும் பக்கத்தில் தமிழ்நாட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டிய கோடு ஒன்று உண்டு. 2023 நவம்பர் முதல் புதிய கார்களுக்கான ஆயுட்கால வரி, 5 முதல் 10 லட்சம் வரையுள்ள வண்டிக்கு 13 சதவீதமாகவும், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதமாகவும் இருக்கிறது. 9.95 லட்சம் விலையுள்ள வண்டிக்குக் காத்திருக்கும்போது நிறுவனம் வெறும் 10,000 ரூபாய் ஏற்றினால், வரி ஏறத்தாழ 1.29 லட்சத்திலிருந்து 1.81 லட்சமாகத் தாவும். பத்தாயிரம் ரூபாய் ஏற்றம் உங்களுக்கு அறுபதாயிரத்துக்கு மேல் செலவு வைக்கும். விலை இந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தால், ‘விலை உயர்ந்தால் கழிவின்றி ரத்து செய்யலாம்’ என்ற வரி இல்லாத ரசீதுக்குப் பணம் கட்டவே கூடாது என்பேன்.

தேதியும் அப்படித்தான். ‘உத்தேசம்’ என்று எழுதிவிட்டால் காலம் ஒப்பந்தத்தின் உயிர்நாடி இல்லை என்று டீலர் சொல்வார். அப்போது செய்ய வேண்டியது, உடனே ரத்து செய்வதன்று. இத்தனாம் தேதிக்குள் வண்டி தராவிட்டால் ஒப்பந்தம் உங்கள் தவறால் முறிந்ததாகக் கொள்வேன் என்று நியாயமான அவகாசம், முப்பது நாள் என்று வையுங்கள், கொடுத்து மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்புவது. நான் 2022இல் செய்த பிழை இதுதான். கோபத்தில் ‘புக்கிங்கைக் கேன்சல் செய்கிறேன்’ என்று எழுதினேன். ரத்து செய்தவன் நான் என்று ஆகிவிட்டது, ஒன்பதாவது நிபந்தனை உயிர்பெற்றது.

11,000 மட்டும் என் கணக்கில் வந்தபின் என் முன் நான்கு வழிகள் இருந்தன. தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். ‘டீலரைத் தொடர்புகொள்ளவும்’ என்று பதில் வந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் தமிழிலேயே புகார் பதியலாம், செலவில்லை; ஆனால் அது சமரசத்துக்கான வழி, உத்தரவிடும் அதிகாரம் அதற்கு இல்லை. வழக்கறிஞர் நோட்டீஸ் மூன்றாவது. நான்காவது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்: கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதிடலாம், இணையம் வழியாகவும் அனுப்பலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட நீளும் என்று எண்ணிக்கொண்டே போக வேண்டும். பத்தாயிரத்துக்காக அவ்வளவு அலைய வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: 1915இல் பதிந்த புகார் எண்ணையும், ஆணையத்துக்குத் தயாரித்த மனுவின் நகலையும் ஒரே உறையில் வைத்து டீலரின் பொது மேலாளருக்கு அனுப்புங்கள். நான் அப்படி அனுப்பினேன். பத்தொன்பதாம் நாள் பணம் வந்தது, ஒரு வார்த்தை விளக்கமும் இல்லாமல். கிரெடிட் கார்டில் கட்டியவர்களுக்கு வங்கியிடம் தகராறு எழுப்பும் வழியும் கூடுதலாக உண்டு. அதற்குக் கால வரம்பு இருப்பதால் தாமதிக்கக் கூடாது.

மூன்றையும் ஒருசேர வைத்துப் பார்த்தால், காத்திருக்க வேண்டாத வண்டிக்கு இருப்பு வழியும், நீண்ட வரிசையுள்ள வண்டிக்கு இணைய வழியும், குறிப்பிட்ட வேரியன்டும் பழைய காரை மாற்றும் பேரமும் கலந்த கொள்முதலுக்கு ஷோரூம் வழியும் பொருந்தும். என் மைத்துனர் இந்த ஆண்டு ஷோரூம் வழியில் மாட்டிக்கொண்டார். துணைக்கு நானும் போனேன். 25,000 கேட்டார்கள். ரசீதின் முன்பக்கத்தில் ஐந்து வரிகள் எழுதித் தரும்படி கேட்டோம்: இது விலையில் கழியும் முன்பணம், டெலிவரிக்குக் கடைசித் தேதி இது, அது தவறினால் முழுத் தொகையும் திரும்பும், வங்கிக் கடன் மறுக்கப்பட்டாலும் அப்படியே, விலை ஏறினால் கழிவின்றி ரத்து செய்யலாம். விற்பனைப் பிரதிநிதி உள்ளே போய் மேலாளரைக் கூட்டிவந்தார். மேலாளர் முதல் நான்கு வரிகளை எழுதிக் கையெழுத்திட்டு முத்திரையும் வைத்தார். ஐந்தாவதுக்கு மட்டும் தலையை ஆட்டினார். ‘அப்படியானால் 5,000 மட்டும் கட்டுகிறோம்’ என்றார் மைத்துனர். கொஞ்சம் யோசித்துவிட்டு, மேலாளர் ரசீதுப் புத்தகத்தில் 25,000இன் முன்னால் இருந்த இரண்டை அடித்துப் பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டார்.